ரஹீம் சாகிப் கற்பித்த இடது கால் பாடம்

ஐதராபாத் நகரில், ஏறத்தாழ எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்னர், விந்தையானதொரு கால்பந்துப் போட்டி நடத்தப்பெற்றது. அதில் ஆடிய வலது கால் பழக்கமுள்ள வீரர்கள் இடது காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம். இடது கால் பழக்கமுள்ளவர்களுக்கு வலது கால் மட்டுமே அனுமதி. நன்கு ஆடத் தெரிந்தவர்களும் அங்கே புதிதாக நடை பழகும் குழந்தைகளைப் போலத் தடுமாறியிருப்பர். பார்க்க வந்தவர்கள் நகைத்திருக்கவும் கூடும்.

அதே நகரில் இன்னொரு போட்டியும் நடந்தது. பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு எதிராளிகளை ஒருவர் பின் ஒருவராக ஏய்த்து ஓடும் வித்தைக்கு அதில் தடை. பந்து வந்தவுடன் அதைத் தம் அணியைச் சேர்ந்த மற்றொருவருக்கு அனுப்பிவிட வேண்டும். கைதட்டல் பெற்றுத் தரும் வித்தையைக் கைவிட்டு, கைதட்டல் கிட்டாத வேலையைப் பழகுவதற்கான போட்டி அது.

இவ்விரண்டையும் எண்ணிச் செயல்படுத்தியவர் பள்ளி ஆசிரியர் ஒருவர். அவர் பெயர் சையது அப்துல் ரஹீம். கால்பந்து உலகம் அவரை 'ரஹீம் சாகிப்' என்று மரியாதையுடன் அழைத்தது. இந்தியக் கால்பந்து அணி ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இதுவரை வென்ற தங்கப் பதக்கங்கள் இரண்டே. 1951ஆம் ஆண்டு புதுதில்லியிலும் 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவிலும் கிடைத்த அவ்விரண்டு வெற்றிகளின்போதும் அணியின் பயிற்சியாளர் அவரே.

கண்டிப்பு என்றால் உரத்த குரலும் கடுஞ்சொல்லும் நினைவுக்கு வருவது வழக்கம். ரஹீமின் கண்டிப்போ வேறு வகையைச் சார்ந்தது. ஒருவனுக்கு எது கைவரவில்லையோ, அதைக் கைவரும் வரை அவனைச் செய்ய வைப்பதே அவர் கண்ட ஒழுங்கு. அந்த ஒழுங்கு எங்கே தோன்றியது, என்ன சாதித்தது, அதற்கு அவர் எத்தகைய விலை கொடுத்தார் என்பதை நினைவுகூர்வது இன்றைய தலைமுறைக்கும் பயனுடையதாகும்.

வகுப்பறையிலிருந்து மைதானத்திற்கு

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்று, நகரின் பல பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் உடற்கல்வியில் பட்டயமும் பெற்றார். தாமும் கால்பந்து ஆடியவரே எனினும், அவரது பெயர் நிலைத்தது ஆட்டத்தால் அன்று, கற்பித்தலால்தான்.

நாற்பதுகளில் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பும், நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தன. இந்தியக் கால்பந்து என்றாலே கல்கத்தா என்று கருதப்பட்ட காலம் அது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆகிய பெருங்குழுக்களுக்குத் திரண்ட இரசிகர் கூட்டம் வேறெங்கும் இல்லை. அத்தகைய சூழலில் தக்காணத்துக் காவலர் அணியொன்று பம்பாயின் புகழ்பெற்ற ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. நாட்டின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பையான டூராண்ட் கோப்பையும் அவ்வணியின் கைக்கு வந்தது. மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை ஐதராபாத் 1956, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்துக் கைப்பற்றியது.

இவ்வெற்றிகளுக்குப் பின்னே பெரும் பணம் ஏதுமில்லை. இரு கால்களாலும் உதைக்கும் திறன், பந்தைத் தாமதமின்றிக் கைமாற்றும் பழக்கம், இறுதி வரை தளராத உடல் வலிமை ஆகிய மூன்றுமே அவ்வணியின் முதலீடு. அந்நாளில் நம் நாட்டு உள்ளூர் ஆட்டங்கள் 70 நிமிடங்களே நடந்தன. பன்னாட்டு ஆட்டமோ 90 நிமிடங்கள். எஞ்சிய 20 நிமிடங்களில்தான் இந்தியக் கால்கள் துவண்டன. ஆகவே உடற்பயிற்சியில் ரஹீம் எவருக்கும் சலுகை காட்டவில்லை. எவ்வளவு பெரிய நட்சத்திரமாயினும் அவருடைய முகாமில் மாணவரே.

சலுகை காட்டாத அவர், பரிவு காட்டத் தவறியதும் இல்லை. செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவைச் சேர்ந்த துளசிதாஸ் பலராம் என்ற ஏழை இளைஞரின் ஆட்டத்தைக் கண்ட ரஹீம், அவரைப் பயிற்சிக்கு அழைத்தார். நாள்தோறும் அவ்வளவு தொலைவு வந்து செல்லப் பலராமிடம் பணமில்லை. வாடகை மிதிவண்டிக்கான காசை ரஹீமே கொடுத்து அவரை வரவழைத்தார். காரணத்தைக் கேட்டறிந்து தடையை நீக்கித் தருவது அவர் வழக்கம்; தடை நீங்கிய பின் வராமலிருப்பதற்குச் சாக்கு ஏதும் எஞ்சாது. அந்த இளைஞர் பின்னாளில் இந்தியாவின் மிகச் சிறந்த முன்கள வீரர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார்.

பத்துக் கோல்கள் புகட்டிய பாடம்

1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ரஹீமின் அணி யூகோஸ்லாவியாவை எதிர்கொண்டது. குளிர் மிகுந்த அந்நாட்டில் நம் வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் களமிறங்கினர். முடிவு 10-1. இந்திய ஒலிம்பிக் கால்பந்து வரலாற்றில் மிகப் பெரிய தோல்வி அது.

முந்தைய ஆண்டுதான் தில்லியில் ஈரானை 1-0 என்ற கணக்கில் வென்று ஆசியத் தங்கத்தைப் பெற்றிருந்தது அந்த அணி. அப்புகழ் ஓராண்டுக்குள் கரைந்தது. குளிரையும் தரையையும் குறைகூறி ஆறுதல் தேடிக்கொள்ள வழியிருந்தது. ஆனால் அத்தோல்விக்குப் பின் இந்திய வீரர்கள் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது. ரஹீமும் ஐரோப்பிய அணிகளின், குறிப்பாக அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரி அணியின், ஆட்ட முறையைக் கூர்ந்து ஆராய்ந்தார். மைய முன்கள வீரர் எப்போதும் கோலருகே நின்று காத்திராமல் சற்றே பின்வாங்கி ஆடினால், அவரைக் காக்க வேண்டிய எதிரணித் தடுப்பாட்டக்காரர் குழம்பிப்போவார் என்பதைக் கண்டுகொண்டார். நான்கு தடுப்பாட்டக்காரர், இரண்டு நடுக்கள வீரர், நான்கு முன்கள வீரர் என்ற 4-2-4 அமைப்பை இந்திய மண்ணில் முதன்முதலாகக் கையாண்டவர்களுள் அவரும் ஒருவர். 1958ஆம் ஆண்டு உலகக் கோப்பையைப் பிரேசில் வென்ற பிறகே அம்முறை உலகெங்கும் பேசப்பட்டது.

பழைய தலைமுறைக் கண்டிப்பாளர்கள் மாற்றத்தை விரும்பாதவர்கள் என்பது பொதுவான எண்ணம். ரஹீமோ தம் மாணவர்களிடம் எதிர்பார்த்ததைத் தாமும் செய்தார். தமக்குத் தெரியாததைத் தோல்வி காட்டியபோது, அதைக் கற்கும் மாணவராக அமர்ந்தார். அவருடைய இடது கால் அது எனலாம்.

மெல்போர்னில் விளைந்த பயன்

நான்கே ஆண்டுகளில் பயன் தெரிந்தது. 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் ஹங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா அடுத்த சுற்றுக்கு முன்னேறியது. அடுத்து வந்தது போட்டியை நடத்திய நாடான ஆஸ்திரேலியா. அந்த ஆட்டத்தில் நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசியர் அவர். இந்தியா 4-2 என்ற கணக்கில் வென்று அரையிறுதிக்குச் சென்றது. ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற பெருமையும் நமக்குக் கிட்டியது.

அரையிறுதியில் எதிர்நின்றது அதே யூகோஸ்லாவியா. டிசூசா கோலடித்து இந்தியாவை முன்னிலைப்படுத்தினார். ஆயினும் இறுதியில் 4-1 என்று யூகோஸ்லாவியா வென்றது. வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் 0-3 எனத் தோற்று, இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது. பத்துக் கோல் வாங்கிய அணி, அதே எதிரியிடம் நான்காண்டுகளுக்குப் பின் சற்று நேரமேனும் முன்னிலை வகித்தது என்பதைப் பதக்கப் பட்டியல் காட்டாது.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 1-2 எனப் போராடித் தோற்றது இந்தியா. பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 1-3 எனத் தோற்றது. அவ்வணியில் ரஹீமின் மகன் சையது ஷாகித் ஹகீமும் இடம்பெற்றிருந்தார். மூன்று ஆட்டங்களுள் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. தந்தையே பயிற்சியாளர், மகனோ ஆடாமல் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர். ஒலிம்பிக் ஆட்டம் ஒன்றில் கால் பதிக்கும் பேறு ஹகீமுக்குப் பின்னரும் வாய்க்கவில்லை. தந்தையின் மனத்தில் என்ன ஓடிற்று என்பதை நாம் அறியோம். அணியிலிருந்த மற்றவர்களோ அதைக் கண்டிருப்பார்கள். தம் வீட்டாருக்கும் விதியைத் தளர்த்தாத ஒருவரின் கண்டிப்பை ஏற்பதில் அவர்களுக்குத் தயக்கம் எழ இடமில்லை.

ஜகார்த்தா: பகைக்கூச்சலின் நடுவே

1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜகார்த்தாவில் நான்காம் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. அப்போது ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் பற்றியிருந்தது. புகைப்பழக்கம் அவரை விட்டதில்லை. பிறருக்கு அவ்வளவு ஒழுங்கைப் போதித்தவரால் வெல்ல இயலாமற்போன பழக்கம் அது ஒன்றே போலும்.

முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. 1956, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆசியக் கோப்பையை வென்றிருந்த அணி அது. அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என வென்றபோதும் மகிழ்ச்சி முழுமையடையவில்லை. தடுப்பரண் போன்றிருந்த ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த காயம். தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் இல்லை. அதையும் இந்தியா 2-0 என வென்றது.

அரையிறுதிக்கு ரஹீம் எடுத்த முடிவு எல்லோரையும் வியக்கச் செய்தது. தலையில் கட்டுடன் இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை மைய முன்கள வீரராக நிறுத்தினார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது சூதாட்டமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் ஜர்னைல் தம் கல்லூரி நாள்களில் முன்களத்தில் ஆடியவர். ஒவ்வொரு வீரரின் இரு கால்களையும் அறிந்த ஆசிரியருக்கு அந்தப் பழைய கணக்கு மறக்கவில்லை. தென்வியட்நாமுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். இந்தியா 3-2 என வென்றது.

இதற்கிடையே மைதானத்திற்கு வெளியே நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. இஸ்ரேல், தைவான் நாடுகளின் வீரர்களுக்கு இந்தோனேசிய அரசு நுழைவு அனுமதி மறுத்திருந்தது. இதனை எதிர்த்து, இப்போட்டிகளை 'ஆசிய விளையாட்டுப் போட்டிகள்' என்று அழைக்கலாகாது எனக் குரல் கொடுத்தவர் இந்தியரான குரு தத் சோந்தி. அதனால் ஜகார்த்தா மக்களின் சினம் இந்தியர் அனைவர் மீதும் திரும்பியது. செப்டம்பர் 3ஆம் நாள் இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மறுநாள் இறுதி ஆட்டம்.

அந்த இரவில் ரஹீம் தம் வீரர்களிடம் நீண்ட உரை ஏதும் ஆற்றவில்லை. நாளை உங்களிடமிருந்து எனக்கு ஒரு பரிசு வேண்டும், தங்கத்தை வென்று தாருங்கள் என்று கேட்டதாக அவருடைய மாணவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். ஆண்டுக்கணக்கில் கட்டளை மட்டுமே இட்டுப் பழகியவர் முதன்முறையாகக் கைநீட்டி ஒன்றைக் கேட்டார்.

செப்டம்பர் 4ஆம் நாள் செனயான் அரங்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கூடியிருந்தனர். இந்தியாவுக்கு எதிரான கூச்சலில் அரங்கம் அதிர்ந்தது. எதிரணி, முதல் ஆட்டத்தில் நம்மை வீழ்த்திய அதே தென்கொரியா. ரஹீம் மற்றொரு துணிச்சலான மாற்றத்தையும் செய்திருந்தார். காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் இடம்பெறாத பீட்டர் தங்கராஜைக் கோல்காப்பாளராக நிறுத்தினார். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணிக்காக ஆடிப் புகழ்பெற்ற நெடிய உருவினர் அவர். இராணுவத்தில் சேர்ந்த காலத்தில் முன்கள வீரராக இருந்து, பின்னரே கோல்காப்பாளராக மாறியவர்.

பதினேழாம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். இருபதாம் நிமிடத்தில் தலைக்காயத்துடன் ஆடிய ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். எஞ்சிய 70 நிமிடங்கள் காத்து நிற்கும் பொறுமைக்கான சோதனை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது தென்கொரியா ஒரு கோலைத் திருப்பியது. அதற்கு மேல் இந்திய அரண் இடம் கொடுக்கவில்லை. 2-1 என்ற கணக்கில் தங்கம் இந்தியாவுக்கு வந்தது.

வங்காளத்தின் சுனி கோஸ்வாமி அணித்தலைவர். பஞ்சாபின் ஜர்னைல், ஐதராபாத்தின் பலராமும் யூசுப் கானும், கேரளத்தின் சந்திரசேகரன், சில மாதங்களுக்கு முன்னர்தான் இந்தியாவுடன் இணைந்திருந்த கோவாவின் பிராங்கோ என, பல மொழி பேசிய இளைஞர்கள் அன்று ஒரே ஆசிரியரின் மாணவர்களாக மேடையருகே நின்றனர். அவர் கேட்ட பரிசு அவருக்குக் கிடைத்தது.

எஞ்சியது என்ன?

அதன் பின் ரஹீம் நெடுநாள் வாழவில்லை. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. ஜகார்த்தா வெற்றி கிட்டி ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன.

1960க்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியதில்லை. ஆசியப் போட்டிகளில் தங்கமும் மீண்டும் வாய்க்கவில்லை. 1970ஆம் ஆண்டு பாங்காக்கில் பெற்ற வெண்கலமே அங்கு நாம் பெற்ற கடைசிக் கால்பந்துப் பதக்கம். அந்த வெண்கலத்தின்போது அணியின் இணைப் பயிற்சியாளராக இருந்தவர், ஜகார்த்தாவில் முதல் கோலடித்த பி.கே. பானர்ஜி. மகன் ஹகீமும் விமானப்படை அதிகாரியாகவும் பன்னாட்டு நடுவராகவும் பயிற்சியாளராகவும் கால்பந்துக்கே தொண்டாற்றினார். பொதுமக்கள் நினைவில் ஏறத்தாழ மறைந்துபோன ரஹீமின் பெயர், 2024ஆம் ஆண்டு வெளிவந்த 'மைதான்' என்ற இந்தித் திரைப்படத்தின் வாயிலாகப் புதிய தலைமுறையின் செவிகளுக்கு எட்டியது.

ஒரு மனிதர் மறைந்ததும் ஒரு நாட்டின் ஆட்டமே தளர்ந்தது என்று முடிவு கட்டுவது முறையாகாது. அதற்குக் காரணங்கள் பல. பிற ஆசிய நாடுகள் முறையான அமைப்புகளைக் கட்டி விரைந்து முன்னேறின. ஆயினும் ரஹீமின் வாழ்வு ஓர் உண்மையை உணர்த்துகிறது. ஒழுங்கு என்பது ஒரு தனிமனிதரின் ஆளுமையாக மட்டும் இருந்தால், அவரோடு அது முடிந்துபோகும். அது பிறர் கைக்கும் மாறிப் பழக்கமாக வேண்டும். பந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்கு அனுப்பு என்று அவர் போட்டி வைத்துக் கற்பித்ததும் இதைத்தானே!

நம் அன்றாட வாழ்விலும் பழகாத கால் ஒன்று உண்டு. சிலருக்கு அது உடற்பயிற்சி, சிலருக்கு நேரந்தவறாமை, சிலருக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைக்கும் சேமிப்பு. தொடர் வைப்புக் கணக்கின் முதல் சில தவணைகள் எவ்வளவு சுமையாகத் தோன்றும் என்பதை அதனைத் தொடங்கிய வாடிக்கையாளர் எவரும் அறிவர். ஓராண்டு கடந்தபின் அதே தொகை கணக்கை விட்டுச் செல்வது உணரப்படுவதே இல்லை. இடது கால் அதற்குள் பழகிவிடுகிறது.

ஐதராபாத்தின் அந்த மைதானத்தில் இடது காலால் உதைத்துத் தடுமாறிய சிறுவர்களைக் கண்டு நகைத்தவர்கள் இருந்திருப்பர். அத்தடுமாற்றத்தைப் பொறுமையுடன் பார்த்துக்கொண்டு ஓரத்தில் நின்ற ஆசிரியர் நகைத்திருக்கமாட்டார். அடுத்த நாள் காலையும் அவர்களை அதே காலால் உதைக்கச் சொல்லியிருப்பார்.